பாகாயத்தில் சேர்ப்பதா, வீட்டிலேயே பயிற்சியா?

குடியாத்தத்திலிருந்து மாமா பையன் கேட்டான்: "அண்ணா, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வாரம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் சேர்க்கவா, வீட்டுக்கே பிசியோ வரச் சொல்லவா?"

செலவு: மையத்தில் தங்கினால் கூட இருப்பவரின் சம்பளமும் போகும். வீட்டில் பிசியோ கட்டணம் மட்டும்.

பயிற்சி: வீட்டில் ஒரு மணி நேரம், அப்புறம் கட்டில்தான். மையத்தில் நடை, கை வேலை, பேச்சு என்று தனித்தனி ஆட்கள். முதல் 3 மாதங்களில்தான் முன்னேற்றம் வேகம் என்பதால் இது சின்ன வித்தியாசமில்லை.

வசதி: வீடுதான், வாசற்படியும் கழிவறையும் ஒத்துழைத்தால்.

தண்டுவடத்தில் அடி என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், மையம்தான். 2 மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைப்பது, 4 முதல் 6 மணிக்கொரு தடவை குழாய் விட்டுச் சிறுநீர் எடுப்பது, பலகை போட்டுச் சக்கர நாற்காலிக்கு நகர்வது, இதெல்லாம் பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லித்தர வேண்டியவை. படுக்கைப்புண் வந்தால் ஆற மாதங்கள் ஆகலாம். 1966-ல் அந்த மையத்தைத் தொடங்கிய மருத்துவர் மேரி வர்கீஸே சக்கர நாற்காலியில் இருந்தவர்.

மாமா சுவரைப் பிடித்து நடக்கிறார், பேச்சும் தெளிவு. டாக்டரும் சரி என்றால் அவருக்கு வீடு போதும்.