22 வருடமாக நாடகம் பார்க்கிறேன், இந்த மைக்கைத்தான் சகிக்க முடியவில்லை

போன வாரம் நண்பன் கேட்டான்: "நீதான் வாராவாரம் நாடகத்துக்குப் போறியே, முதல் தடவை போறவனுக்கு எந்த வரிசை நல்லது?" ஐந்தாவது, நடுவில் என்று சொல்லி முடித்திருக்கலாம். அரை மணி நேரம் மைக்கைத் திட்டித் தீர்த்தேன். அவன் டிக்கெட் எடுத்தானா என்று தெரியவில்லை.

ஒளி, ஒப்பனை, படுதா பற்றியெல்லாம் எனக்குப் பெரிய குறை கிடையாது. நடிகரின் நெற்றி ஓரத்திலோ கன்னத்திலோ ஒட்டுகிறார்களே, மிளகு அளவு மைக், அதுதான் உறுத்தல். மேடையில் மூன்று பேர் நிற்கிறார்கள். மூவர் குரலும் இடப்பக்கத் தூணில் தொங்கும் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. பேசுவது யார் என்று உதடு உதடாகத் தேட வேண்டும்.

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் நடிகரின் சொந்தக் குரல் வந்து சேர 58 மில்லிநொடி. தலைக்குப் பக்கத்து ஸ்பீக்கருக்கோ கம்பி வழியாக அதற்குள் வந்தாகிவிட்டது. எது முந்தி வருகிறதோ, குரல் அங்கிருந்துதான் என்று காது முடிவுகட்டிவிடும். ஸ்பீக்கரைக் கொஞ்சம் தாமதப்படுத்தினால் தீர்ந்தது. ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் கருவியிலேயே அதற்கு வசதி உண்டு. அப்படிச் செய்கிற இடங்களில் மைக் இருப்பதே தெரியாது. நான் வழக்கமாகப் போகும் அரங்கில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். "சவுண்டு கம்மியா இருக்கா சார்? ஏத்திடலாம்" என்றார் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்தவர்.

நடிகர்கள் மேல் இன்னும் கோபம். மைக் இருக்கிற தைரியத்தில் வாக்கியத்தின் வாலை விழுங்குகிறார்கள். தமிழில் ஆள் யார் என்பதே வாலில்தானே இருக்கிறது? வந்தான், வந்தாள், வந்தார். மூச்சு தீர்ந்து "வந்தா..." என்று நின்றால், துப்பறியும் நாடகத்தில் கொலை செய்தது ஆணா பெண்ணா என்று தெரியாமலே வீடு திரும்ப வேண்டியதுதான்.

போன வருடம் ஒரு குடும்ப நாடகம். அக்காவாக நடித்தவரின் மைக் முதல் பாதியிலேயே செத்துவிட்டது. வியர்வை இறங்கியிருக்கும். தம்பிக்கு மைக் வேலை செய்தது. அக்கா கத்தவில்லை. பக்கவாட்டில் நின்றவர் கால்வாசி எங்கள் பக்கம் திரும்பினார், ஒரு சொல்லை முழுதாக முடித்த பிறகே அடுத்த சொல்லைத் தொட்டார். கண்ணை மூடிப் பார்த்தேன். மேசையிலிருந்து ஜன்னலுக்கு அவர் நடந்தது காதிலேயே தெரிந்தது. தம்பியாக நடித்தவரும் கெட்டிக்காரர், தன் குரலை இறக்கிக்கொண்டார். இடைவேளையில் மைக்கை மாற்றினார்கள். இரண்டாம் பாதியில் அக்காவும் தூணுக்குப் போய்விட்டார்.

கிரேக்கத்தில் எபிடாரஸ் அரங்கில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து மைக் இல்லாமல் கேட்கவில்லையா என்று நானும் வாதாடியவன்தான். ஆனால் அது நாடகத்துக்கென்றே மலைச்சரிவில் கட்டிய கல்லரங்கம். இன்றைய பல அரங்குகள் கூட்டம், கச்சேரி, விழா எல்லாவற்றுக்கும் பொது. போதாக்குறைக்கு ஏசி இரைச்சல். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் குரல் 6 டெசிபல் விழும். அரங்குக்குள் அவ்வளவு மோசமில்லை என்றாலும், கடைசி வரிசைக்காரரும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறார்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். போன மாதம் காதைச் சோதித்தேன். உச்ச ஒலிகள் குறையத் தொடங்கிவிட்டனவாம். ச, த போன்றவை மங்குவது வயதின் வேலையாம். நான் திட்டிய விழுங்கலில் ஒரு பங்கு என் காதுடையதாக இருக்கலாம். அந்த அக்காவின் குரல் மட்டும் எப்படி முழுசாகக் கேட்டது என்று டாக்டரிடம் கேட்கத் தோன்றவில்லை.

நண்பனுக்கு இன்றைக்கு என் பதில்: போகாதே, காசு மிச்சம். ஞாயிற்றுக்கிழமை கேட்டால் மாற்றிச் சொன்னாலும் சொல்வேன். சனிக்கிழமை அந்த நடிகையின் புது நாடகம், ஐந்தாவது வரிசையில் எடுத்து வைத்திருக்கிறேன், தூணுக்கு எதிர்ப்பக்கமாக.