ரிவர்ஸ் ரிங்கா ரேய்னாக்ஸா? கிட் லென்ஸை வச்சே பூச்சி எடுத்த அனுபவம்

கேனன் என்ட்ரி லெவல் டிஎஸ்எல்ஆர், அதோட வந்த 18-55 எம்எம் கிட் லென்ஸ், அப்புறம் தனியா வாங்கின 55-250 எம்எம் டெலி ஜூம், இவ்வளவுதான் என் செட்டப். பல வருஷமா இதை வச்சுதான் வீட்டுத் தோட்டத்துலயும் பக்கத்து வயக்காட்டுலயும் பூச்சி எடுத்துட்டு இருக்கேன். மேக்ரோ லென்ஸ் இல்லாம முடியுமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. தாராளமா முடியும், லென்ஸைத் திருப்பி மாட்டற ரிவர்ஸ் ரிங், லென்ஸுக்கு முன்னாடி மாட்டற ரேய்னாக்ஸ் கண்ணாடின்னு ரெண்டு வழி இருக்கு. ஆனா பூச்சி உங்களை எவ்வளவு கிட்ட விடும்ங்கறதைப் பொறுத்துதான் எதை வாங்கறதுன்னு முடிவு பண்ணணும், ஜூம் எவ்வளவு வருதுன்னு மட்டும் பாத்து வாங்கினா அது சீக்கிரமே டப்பாக்குள்ள போயிடும்.

முதல்ல ரிவர்ஸ் ரிங். சில நூறு ரூபாய்தான், ஒரு பக்கம் லென்ஸோட முன்பக்க மரையில ஏறும், இன்னொரு பக்கம் பாடியில மாட்டும், அதாவது லென்ஸ் தலைகீழா நிக்கும். 18-55ஐ இப்படிப் போட்டா 55ல குறைவாவும் 18ல ரொம்ப பெருசாவும் தெரியும், வழக்கமான ஜூமுக்கு நேர் எதிர். இதுல முக்கியமான விஷயம் என்னன்னா திருப்பிப் போட்ட லென்ஸ் 18 பக்கம் வச்சா அதோட மவுன்ட்ல (பாடியில மாட்டற பின்பக்கம்) இருந்து ரொம்பக் கிட்டதான் ஃபோக்கஸ் ஆகும், கேனன் டிஎஸ்எல்ஆரோட இஎஃப் மவுன்ட்ல அது 44 மி.மீ.யை ஒட்டி வரும், ஏன்னா மவுன்ட்டுக்கும் சென்சாருக்கும் நடுவுல இருக்க வேண்டிய தூரம் அதுதான், இப்ப அந்த இடத்துல பூச்சி இருக்கு, அவ்வளவுதான். ஏறக்குறைய நாலரை சென்டிமீட்டர் தூரத்துல உங்க லென்ஸ் போய் நிக்கணும்.

அப்பர்ச்சர், அதாவது லென்ஸுக்குள்ள வெளிச்சம் போற துளை, அந்த விஷயமும் சொல்லிடறேன், திருப்பிப் போட்டா பாடியில இருந்து அதை மாத்த முடியாது. கேனன்ல லென்ஸை நேரா மாட்டி எஃப் 11 (எண் பெருசானா துளை சின்னது) வச்சு, அந்தத் துளையை முன்கூட்டியே மூடிக் காட்டற டெப்த் ஆஃப் ஃபீல்ட் பிரிவியூ பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே லென்ஸைக் கழட்டினா அந்த அளவுலயே நின்னுடும். நிக்கான்ல பின்னாடி இருக்கற சின்ன லீவருக்கு பேப்பர் மடிச்சு சொருகறாங்க. பழைய 50 எம்எம் லென்ஸ், அப்பர்ச்சர் வளையத்தோட கிடைச்சா இந்தத் தொல்லையே கிடையாது. ஓக்லஹோமாக்காரர் தாமஸ் ஷஹான் பழைய லென்ஸைத் திருப்பிப் போட்டு தாவும் சிலந்தி முகமா எடுத்துத்தான் பேர் வாங்கினார்.

சரி, 44 மி.மீ. தூரத்துல யாரு அசையாம உக்காருவா? கறிவேப்பிலைச் செடியில இருக்கற பட்டாம்பூச்சிப் புழு உக்காரும், சின்ன வயசுல பறவை எச்சம் மாதிரியே இருக்கும், பெருசானா பச்சையாகும், தொட்டா தலைக்குப் பின்னாடி இருந்து ரெண்டு கொம்பு நீட்டும். எருக்குல மஞ்சளா அப்பிக்கிடக்கற அசுவினியும் அப்படித்தான். எனக்கு ரொம்பப் பிடிச்சது நீலப்பட்டை போட்ட தேனீ. பகல்ல துளசியில ஒரு நொடி நிக்காது, ஆனா பொழுது சாயறப்போ ஆண் தேனீங்க ஒரு காஞ்ச குச்சியைத் தாடையால கடிச்சுப் பிடிச்சு வரிசையா தொங்கிட்டுத் தூங்கும், மறுநாள் வெயில் ஏறி உடம்பு சூடாகற வரைக்கும் அசையாது. விடியக்காலையில போனா கண்ணுல இருக்கற பனித்துளிவரைக்கும் எடுக்கலாம், ரிவர்ஸ் ரிங்குக்குன்னே படைச்ச மாதிரி.

ஆனா தட்டான், குளவி, வெட்டுக்கிளி, இதுங்ககிட்ட அந்தப் பாச்சா பலிக்காது. மாமரத்து முசுறு இன்னும் மோசம், ஓடாது, லென்ஸ் மேலயே ஏறிடும், கடிச்ச இடத்துல ஆசிட் வேற பீச்சும்.

இங்கதான் ரேய்னாக்ஸ் டிசிஆர் 250 வந்துச்சு. 8 டயாப்டர் (கண்ணாடி பவர் மாதிரி) குளோஸ் அப் லென்ஸ், 52ல இருந்து 67 மி.மீ. மரைவரைக்கும் எந்த லென்ஸ் முன்னாடியும் கிளிப் மாதிரி மாட்டிக்கலாம். என் 55-250ல 250 வச்சா சென்சார்ல நிஜ அளவைப் போல ரெண்டு மடங்கு, அதாவது 11 மி.மீ. பூச்சி ஃப்ரேம் முழுக்க. தூரம் 12 சென்டிமீட்டர் பக்கம் கிடைக்குது, ஆட்டோ அப்பர்ச்சர் வேலை செய்யுது, லைட்டும் குறையாது. லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவுல போடற வெறும் குழாயான எக்ஸ்டென்ஷன் டியூப்ல, சென்சார்ல நிஜ அளவு (ஒண்ணுக்கு ஒண்ணு) வரும்போது ரெண்டு ஸ்டாப், அதாவது நாலுல மூணு பங்கு லைட் போயிடும், அதனாலயே நான் டியூபை விட்டுட்டேன்.

அந்தக் கூடுதல் எட்டு சென்டிமீட்டர் என்ன பண்ணுச்சுன்னா, முசுறுக் கூட்டத்தை நிதானமா பாக்க விட்டுச்சு. அப்படிப் பாக்கும்போது ஒரு எறும்பு மட்டும் மத்ததோட சேராம ஒதுங்கி ஒதுங்கிப் போகுது. 200ல வச்சு எடுத்து ஸ்க்ரீன்ல பெருசு பண்ணினா முன்னாடி ரெண்டு பெரிய வட்டக் கண்ணு! எறும்புச் சிலந்தி அது, எட்டுக் கால்ல முன்னங்கால் ரெண்டையும் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கிட்டுத் திரியும், ஆண் சிலந்திக்குத் தாடை நீண்டு, ஒரு எறும்பு இன்னொண்ணைத் தூக்கிட்டுப் போற மாதிரியே இருக்கும். வெறும் கண்ணால பாத்து கண்டுபிடிக்கறது ரொம்பக் கஷ்டம். நம்ம மாமரத்துலயே இது நடக்குதுன்னு தெரிஞ்ச அந்த நாள் சந்தோஷத்துக்கே அந்தக் கண்ணாடிக்குக் கொடுத்த காசு சரியாப் போச்சு.

ரெண்டுலயும் லைட்தான் பெரிய வேலை. ஃபோக்கஸ்ல நிக்கற ஆழம் ஒரு மி.மீ.கூட வராது, அதுக்காக எஃப் 11, 16ன்னு போகணும், அப்ப ஃப்ளாஷ் இல்லாம முடியாது. சின்ன பவர்ல ஃப்ளாஷ் அடிக்கற நேரம் ரொம்பக் கம்மிங்கறதால கை நடுக்கமும் நின்னுடும். ஆனா வெறும் ஃப்ளாஷ் அடிச்சா வண்டு முதுகுல வெள்ளைப் பொட்டுதான் தெரியும். டிவி பொட்டிக்குள்ள சுத்தி வர வெள்ளை ஃபோம் ஷீட் இருக்கே, அதை வளைச்சு லென்ஸ் நுனிவரைக்கும் கூரை மாதிரி கட்டுங்க, பெருசாவும் பூச்சிக்குக் கிட்டவும் இருக்கணும். ரிவர்ஸ்ல 44 மி.மீ. இடைவெளியில லென்ஸ் நிழலே விழும்ங்கறதால ஷீட் கீழவரைக்கும் இறங்கணும், ரேய்னாக்ஸ்ல இந்தச் சிக்கல் ரொம்பக் கம்மி. ஃபோக்கஸ் வளையத்தைத் தொடாதீங்க, இடது கையால குச்சியைப் பிடிச்சு அதே கை மேல லென்ஸை சாச்சு, உடம்பை முன்ன பின்ன ஆட்டி கண்ணு ஷார்ப்பா வரும்போது அடிங்க.

பூச்சியை ஃப்ரிட்ஜ்ல வச்சு மரத்துப்போக வச்சு எடுக்கச் சொல்றவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு வேண்டாம், காலைக் குளிர்ல அதுவே அசையாம இருக்கும், கொஞ்சம் சீக்கிரம் எழுந்தா போதும்.

நாள்பட்ட உழைப்புன்னு பாத்தா, ரேய்னாக்ஸ் கண்ணாடி அப்படியே இருக்கு, கிளிப்போட பிளாஸ்டிக் மட்டும் கொஞ்சம் லூஸ். ரிவர்ஸ்ல போடற 18-55க்குப் பின்கண்ணாடி வெளியில தெரியறதால அடிக்கடி தூசு ஊதணும். ஐப்பசி, கார்த்திகை மழையில எல்லாத்தையும் காத்துப்புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, பூஞ்சை வந்துட்டா லென்ஸ் போச்சு.

18-55 மட்டும் இருந்தா ரிங் வாங்குங்க, புழு, அசுவினி, தூங்கற தேனீ எல்லாம் அதுலயே வரும். டெலி ஜூம் இருந்தா நேரா ரேய்னாக்ஸ்தான். ரிங் வாங்கறதுக்கு முன்னாடி லென்ஸ் மூடிக்குப் பின்னாடி எழுதியிருக்கற மரை அளவைப் பாத்துக்கோங்க, கேனன் 18-55ல பெரும்பாலும் 58, நிக்கான்ல 52ன்னும் 55ன்னும் ரெண்டு இருக்கு.