வின்ச்சுக்கு எஃகுக் கம்பியா, செயற்கை இழைக் கயிறா?

சிக்கிய வண்டியை மோட்டாரால் இழுத்தெடுக்கும் கருவிதான் வின்ச். அதில் எஃகுக் கம்பி முரட்டுத்தனத்தைத் தாங்கும். பாறையில் உரசினாலும் சேற்றில் புரண்டாலும் சட்டென்று போகாது. ஆனால் கனம் அதிகம், துருப்பிடிக்கும். அறுந்த ஒற்றை இழை ஊசிபோல் நீட்டிக்கொண்டிருக்கும். தடித்த தோல் கையுறை இல்லாமல் தொடவே கூடாது. இழுவையில் அறுந்தால் சாட்டையாய்ச் சுழலும், ஆளைக் கொல்லும்.

இழைக் கயிறு லேசு, தண்ணீரில் மிதக்கும், அறுந்தாலும் வீச்சு குறைவு. அதற்காகப் பக்கத்தில் நிற்கலாம் என்றில்லை. கொக்கி பறந்தால் அதே ஆபத்துதான். இதன் எதிரிகள் வெயில், மணல், சூடு. கயிறு சுற்றும் உருளையான டிரம்முக்குள்ளேயே பிரேக் அமைந்த வின்ச்சில், பாரத்தோடு மோட்டாரால் கயிற்றை இறக்கினால் டிரம் சூடேறி உள்சுற்றுகள் கெடும். வின்ச்சிலிருந்து கயிறு வெளியே வரும் வாயில் இருக்கும் உருளை வழிகாட்டி, பழைய கம்பி அராவியதாக இருந்தால் அதிலும் இழைக் கயிற்றை ஓட்டாதீர்கள்.

இழுக்கும்போது டிரம்மில் மிச்சம் வைக்க வேண்டியது பொதுவாகக் கம்பிக்கு 5 சுற்று, இழைக் கயிற்றுக்கு 10. அடிக்கடி இழுப்பவருக்கு என் ஓட்டு இழைக் கயிறுக்கே, கழுவிக் காயவைக்கப் பொறுமை இருந்தால்.