சார்ஜரைப் பிடுங்கினால் எவ்வளவு மிச்சம்? டிவி, எஃப்எம் கரண்ட் பில் யோசனைகளும் நேயர்களின் பதில்களும்

கரண்ட் பில்லைக் குறைக்க டிவியிலோ எஃப்எம்மிலோ யோசனை சொன்னால் நேயர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். “செஞ்சு பார்த்தேன், நல்லாவே குறைஞ்சுது” என்பது ஒரு கட்சி. “இதெல்லாம் வேலைக்கு ஆகாது, முதல்ல ரேட்டைக் குறைக்கச் சொல்லுங்க” என்பது இன்னொன்று. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். யோசனை சொல்பவர்கள் யூனிட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த யூனிட் எந்த விலைப் படியில் குறைகிறது என்பதைச் சொல்வதில்லை.

அந்தப் படிகளை முதலில் பார்த்துவிடலாம். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் ஓடும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35, 201 முதல் 400 வரை ரூ.4.70, 401 முதல் 500 வரை ரூ.6.30. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் 2.35 என்ற சலுகைப் படியே கிடையாது; 101-லிருந்தே 4.70 போட்டுவிடுவார்கள். 500-க்கு மேல் 600 வரை ரூ.8.40, 800 வரை ரூ.9.45. ஆக, 500 யூனிட்டுக்கு பில் ரூ.1,805. 501 யூனிட்டுக்கு ரூ.2,048.40. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை ரூ.243.40! எந்த யோசனையையும் இந்தப் பள்ளத்தின் விளிம்பில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

அடிக்கடி காதில் விழும் ஐந்து யோசனைகளின் கணக்கு கீழே. எல்லாம் 60 நாளுக்கு. முதல் விலை 201-400 படியில் ஓடும் வீட்டுக்கு, இரண்டாவது 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு.

| யோசனை | மிச்சமாகும் யூனிட் | ரூ.4.70 படியில் | ரூ.8.40 படியில் |
|---|---|---|---|
| போன் சார்ஜரைக் கழற்றி வைப்பது | 0.3 | ரூ.1.40 | ரூ.2.50 |
| செட்டாப் பாக்ஸை தினமும் 16 மணி நேரம் சுவிட்சில் அணைப்பது | 9.6 | ரூ.45 | ரூ.81 |
| பழைய சோக் டியூப்லைட்டுக்குப் பதில் 20 வாட் எல்இடி (தினம் 6 மணி) | 11.5 | ரூ.54 | ரூ.97 |
| பழைய ஃபேனுக்குப் பதில் பிஎல்டிசி (குறைந்த கரண்ட் இழுக்கும் மோட்டார்) ஃபேன் (தினம் 15 மணி) | 40.5 | ரூ.190 | ரூ.340 |
| ஏசியை 21-லிருந்து 24-க்கு ஏற்றுவது (இரவுக்கு 6 யூனிட் இழுக்கும் ஏசி) | 65 | ரூ.305 | ரூ.546 |

சார்ஜர் யோசனையைக் கேட்டு நேயர்கள் சிரிப்பது நியாயம்தான். போன் மாட்டாத சார்ஜர் இழுப்பது 0.2 வாட் அளவு. இரண்டு மாதம் பிளக்கிலேயே கிடந்தாலும் அரை யூனிட் தேறாது. சிரித்தவர்கள் கவனிக்காதது டிவிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் செட்டாப் பாக்ஸை. ரிமோட்டில் அணைத்தாலும் பல பாக்ஸ்கள் கிட்டத்தட்ட 10 வாட்டை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். சிவப்பு விளக்கு மட்டும் எரிவதால் அணைந்துவிட்டதாக நினைக்கிறோம். சுவிட்சில் அணைத்தால் மறுபடி படம் வர ஒன்றிரண்டு நிமிடம் ஆகிறது என்ற புகாரும் உண்மை. இரவில் மட்டும் அணைத்தாலே பாதி மிச்சம் கைக்கு வந்துவிடும்.

அதிகம் சண்டை நடப்பது ஏசியைப் பற்றித்தான். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பான பிஇஇ சொல்லும் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் லேபிள் போட்ட ஏசிகள் ஆன் செய்ததும் 24-ல் தொடங்க வேண்டும் என்று விதியும் வந்தது. 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால், புதிய ஏசிகளை 20 முதல் 28 டிகிரிக்குள் கட்டுப்படுத்தும் திட்டத்தைச் சொன்னபோது, “என் காசு, என் பில், உங்களுக்கென்ன?” என்ற குரல்தான் உரக்க ஒலித்தது. அந்தக் கோபத்தைத் தனியே வைத்துவிட்டு, “24-ல் குளிரவே மாட்டேங்குது” என்ற புகாரை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது பொய்யில்லை.

ரிமோட்டில் தெரியும் 24, கட்டிலில் 24 இல்லை. ஏசி தன் உடம்புக்குப் பக்கத்தில், மேல்சுவர் ஓரத்தில் இருக்கும் காற்றைத்தான் அளக்கிறது. மொட்டைமாடிக்குக் கீழ் அறை என்றால் பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை வெப்பத்தைக் கக்கும். 180 சதுர அடி அறைக்கு ஒரு டன் ஏசி மாட்டியிருந்தால் அது திணறும். ஃபில்டரில் தூசி அடைத்திருந்தால் 18-ல் வைத்தாலும் குளிராது. நிகழ்ச்சியில் சொல்ல வேண்டிய வரிசை இதுதான்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீர் விட்டு அலசி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். மாடித் தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடியுங்கள். பிறகு ஏசியை 25 அல்லது 26-ல் வைத்து, ஃபேனைக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். உடம்பில் காற்று பட்டால் 26 போதுமானதாகிவிடும். வெறும் “24-ல் வையுங்கள்” என்றால் வியர்க்கும். வியர்த்தவர் மறுநாளே 20-க்கு இறக்கிவிடுவார்.

“16-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும்” என்ற நேயர் வாதத்துக்கு ஒரு வரி போதும்: இன்வெர்ட்டர் வகை அல்லாத சாதாரண ஏசியின் கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான். 16 சொன்னாலும் 24 சொன்னாலும் அதே வேகத்தில்தான் குளிர்விக்கும். 16 சொன்னால் நிறுத்தாமல் ஓடும், அவ்வளவுதான்.

பிஎல்டிசி ஃபேனைப் பற்றி வரும் பதில்கள் இன்னும் சுவாரசியம். சாதாரண ஃபேன் முழு வேகத்தில் 75 வாட், பிஎல்டிசி 30 வாட். விலை ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வரை கூடுதல். “மூணே பில்லில் காசு திரும்பிடுச்சு” என்பவரும் “இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ” என்பவரும் ஒரே மாடல் ஃபேனை வாங்கியிருக்கலாம். 540 யூனிட் ஓடும் வீட்டில் பில் ரூ.2,376. ஒரு ஃபேனை மாற்றி 41 யூனிட் குறைத்தால் 499; பில் ரூ.1,798.70. ஒரே ஃபேனில் 577 ரூபாய்! அதே ஃபேன் 180 யூனிட் வீட்டில் தருவது 95 ரூபாய். 90 யூனிட் ஓடும் வீட்டில்? பூஜ்யம். அங்கே பில்லே இல்லை. “இந்த டிப்ஸெல்லாம் யாருக்குங்க?” என்று கேட்கும் நேயர் பெரும்பாலும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்.

“ஆறே மாசத்துல போர்டு போச்சு” என்ற புகார் தனி. அதற்கு ஒரு முக்கியமான காரணம் பழைய ரெகுலேட்டர். பிஎல்டிசி ஃபேனுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டே வேகத்தைப் பார்த்துக்கொள்ளும். சுவரில் இருக்கும் ரெகுலேட்டரைக் கழற்றி, சுவிட்சிலிருந்து நேர் கனெக்‌ஷன் கொடுக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் அவசரத்தில் ரெகுலேட்டரை விட்டுவிட்டுப் போனால், யாராவது அதைத் திருகும்போது வெட்டுப்பட்ட மின்சாரம் உள்ளே போய் போர்டு கெடும். சாதாரண ஃபேன் சுற்றவில்லை என்றால் தெருக்கோடிக் கடையில் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சர் வாங்கி மாற்றிவிடலாம். போர்டுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே வாங்கும்போதே போர்டுக்கு எத்தனை வருட வாரண்டி என்று பில்லில் எழுதி வாங்குவது நல்லது. வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தால் யோசிக்காமல் மாற்றலாம். கரண்ட் போன நேரத்தில் ஃபேன் இரண்டு மடங்கு நேரம் ஓடும்.

கேஸா, இண்டக்‌ஷனா என்ற போட்டியில்தான் யோசனை சொல்பவர்கள் ஆளைக் கவிழ்த்துவிடுகிறார்கள். “இண்டக்‌ஷன் வாங்குங்க, சிலிண்டர் மிச்சம்” என்பது எஃப்எம்முக்கு ஏற்ற அரை நிமிட வாக்கியம். 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பம் சுமார் 182 யூனிட்டுக்குச் சமம். கேஸ் அடுப்பு அதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் பாத்திரத்துக்குக் கொடுக்கும். இண்டக்‌ஷன் 85 சதவீதம் அளவுக்குக் கொடுக்கும். ஆக ஒரு சிலிண்டருக்கு இணை, கிட்டத்தட்ட 143 யூனிட் கரண்ட். சிலிண்டர் 2025-ல் இருந்ததுபோல் 870 ரூபாய், இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 320 யூனிட் வீடு இண்டக்‌ஷனுக்கு மாறினால் 463 ஆகும். பில் 773 ரூபாய் கூடும். கேஸைவிட சுமார் நூறு ரூபாய் லாபம். 420 யூனிட் வீடு மாறினால் 563 ஆகும், பில் ரூ.1,301-லிருந்து ரூ.2,569-க்குத் தாவும். 870 ரூபாய் சிலிண்டரை மிச்சம் பிடிக்க 1,268 ரூபாய் செலவு. “டிவியைப் பார்த்து ஏமாந்துட்டேன்” என்று புலம்புபவரின் கதை பெரும்பாலும் இதுதான். 420 யூனிட் வீட்டுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. பால், டீ, வெந்நீரை மட்டும் இண்டக்‌ஷனில் வைத்து, 500-க்குள் நிறுத்திக்கொள்ளலாம். காந்தம் ஒட்டாத அலுமினியப் பாத்திரத்தில் இண்டக்‌ஷன் வேலை செய்யாது. 2,000 வாட் அடுப்பு 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் சாக்கெட் கருகும். 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும்.

ஃபிரிட்ஜை இரவில் அணைக்கச் சொல்லும் யோசனையை ஒதுக்கிவிடலாம். கதவு மூடியிருந்தாலும் வெளிச்சூடு உள்ளே இறங்கிக்கொண்டேதான் இருக்கும். காலையில் கம்ப்ரசர் அதை ஈடுகட்ட நீண்ட நேரம் ஓடும். மிச்சம் சொற்பம், கெட்டுப்போகும் பாலும் மாவும் அதைவிட விலை. கதவின் ரப்பரில் பத்து ரூபாய் நோட்டைச் செருகி மூடிப் பாருங்கள். இழுத்ததும் தடையில்லாமல் வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும்.

நிகழ்ச்சிகளுக்கு நடுவே விளம்பரமாக வரும் ‘பவர் சேவர்’ பெட்டியை யோசனையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். பிளக்கில் மாட்டினால் 40 சதவீதம் குறையும் என்பார்கள். உள்ளே ஒரு கெபாசிட்டரும் ஒரு எல்இடி விளக்கும் இருக்கும். அது பவர் ஃபேக்டரை (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையான வேலைக்குப் போகும் பங்கை) சரிசெய்யும் சரக்கு. வீட்டு மீட்டர் பவர் ஃபேக்டருக்குக் காசு வாங்குவதில்லை. உண்மையில் எரிந்த யூனிட்டுக்கு மட்டுமே வாங்குகிறது. “எங்க வீட்ல குறைஞ்சுதே” என்பவர்கள் பெட்டியை எந்த மாதத்தில் வாங்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மே மாத பில்லைப் பார்த்துப் பயந்து ஜூலையில் வாங்கியிருப்பார்கள். மழை வந்து ஏசி ஓய்ந்திருக்கும்.

எந்த யோசனையையும் வீட்டு மீட்டரிலேயே சோதிக்கலாம். டிஜிட்டல் மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று மின்னும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 3200 அல்லது 1600. சோதிக்கும் பொருளைத் தவிர மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு, பத்து மின்னலுக்கு எத்தனை நொடி என்று போனில் பாருங்கள். 3200 மீட்டரில் பத்து மின்னலுக்கான வாட் கணக்கு: 11,250-ஐ அந்த நொடியால் வகுக்க வேண்டும். 45 நொடி என்றால் 250 வாட். ஒன்றரை நிமிடம் என்றால் 125. 1600 மீட்டர் என்றால் விடையை இரட்டிப்பாக்குங்கள். பவர் சேவரை மாட்டியும் கழற்றியும் அளந்தால் நொடி மாறாது. ரீடிங் எடுக்க ஆள் வந்த தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, ஐம்பதாவது நாளில் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். அதற்குள் 430 ஓடியிருந்தால், 500-க்குள் நிற்க மிச்சமுள்ள பத்து நாளுக்கு நாளொன்றுக்கு ஏழு யூனிட் கணக்கு.