பெரிய கோயில்: காலை வெயிலா, மாலை வெயிலா?

தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுக்கக் காலையில் போவதா, மாலையிலா? இரண்டு வேளையும் கேமராவோடு அலைந்தவன் நான். என் ஓட்டு மாலைக்கு.

காலையின் நன்மைகள் எல்லாருக்கும் தெரிந்தவை. கூட்டம் குறைவு, கல்தரை காலைச் சுடாது. கோயில் கிழக்குப் பார்த்தது என்பதால் வாசல் கோபுரங்களின் முகப்பில் நேர்வெயில் விழும். (நந்திக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அது சிவனைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் வெயில் முதுகில்தான்.) ஆனால் நேராக அடிக்கும் வெயிலில் நிழல் விழாது. கருவறைக்கு மேல் எழும் ஏறக்குறைய 60 மீட்டர் உயர விமானம், அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் தட்டையாகிவிடும்.

மாலையில் தென்மேற்கு மூலைக்கு, பிள்ளையார் சந்நிதிப் பக்கம் போய் நில்லுங்கள். விமானத்தின் மேற்கு முகத்தில் முழு வெயில். தெற்கு முகத்தை வெளிச்சம் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும். தெற்கில் ஒவ்வொரு தளமும், மாடமும், சிற்பமும் தன் நிழலோடு தனித்தனியாக எழுந்து நிற்கும். கல்லும் தேன் நிறத்துக்கு வந்துவிடும்.

சரி, இதெல்லாம் டிசம்பர், ஜனவரிக்கு. வேளையைவிட மாதம்தான் முக்கியம் என்பதை ஒரு ஜூன் பயணத்தை வீணடித்த பிறகே புரிந்துகொண்டேன். தஞ்சாவூர் இருப்பது சுமார் 10.8 பாகை வட அட்சத்தில். டிசம்பர் கடைசியில் சூரியன் நேர் மேற்கிலிருந்து 24 பாகை தெற்கே தள்ளி மறைகிறது, ஜூன் கடைசியில் அதே அளவு வடக்கே. ஜூனில் உச்சிவேளையில்கூட அது நம் தலைக்கு வடக்கில்தான் நிற்கும். தெற்குச் சுவர்ச் சிற்பங்களுக்கு அன்று முழுக்க நேர்வெயிலே கிடையாது. அன்று எடுத்த படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. கோடையில் போகிறவர்கள் வடமேற்கு மூலைக்கு, முருகன் சந்நிதிப் பக்கம் இடம் மாறிவிட வேண்டும். காலையில் எடுப்பவர்களுக்கும் இதே கணக்குதான்: டிசம்பரில் சூரியன் தென்கிழக்கே, ஜூனில் வடகிழக்கே.

மாலையில் ஒரு குறை உண்டு. கடைசி நேரத்தில் மேற்குத் திருச்சுற்று மாளிகையின் (மதிலை ஒட்டிய தூண் மண்டபம்) நிழல் விமானத்தின் அடிப்பகுதியில் ஏறத் தொடங்கும். செல்போனில் நான் வைத்திருக்கும் செயலி சூரியன் மறையும் திசையைக் காட்டும், இந்த நிழலைக் காட்டாது. அதனால் ஒரு மணி நேரம் முன்பே போய் அடிப்பகுதியை எடுத்துவிட்டு, அப்புறம் மேல்பகுதியை எடுப்பேன். மழைமேகம் சூழ்ந்த மாலையில் ஒரே ஒருமுறைதான் எடுத்திருக்கிறேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். முக்காலி கொண்டுபோவதாக இருந்தால் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள்.