ஆத்தங்குடி டைல்ஸ் கணக்கு: இரட்டை லூப்பா, ஸ்டாக்கா?

ஆத்தங்குடியில் ஒரு பட்டறை ஐந்து நாளில் வார்த்த டைல்ஸ், நூறு கணக்கில் 3, 1, 4, 2, 5 என்று வைத்துக்கொள்வோம். தொடங்கிய நாளின் அளவுக்குக் கீழே ஒரு நாளும் இறங்காத தொடர் நாட்கள் எத்தனை? அதாவது, முதல் எண்ணைவிடச் சிறிய எண் உள்ளே இல்லாத சப்அரேக்கள் (அடுத்தடுத்த எண்களின் துண்டுகள்) எத்தனை? விடை 9.

இரட்டை லூப்பில், அதாவது ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப் வைத்து, ஒவ்வொரு நாளிலிருந்தும் வலப்பக்கம் எண்ணிக்கொண்டே போய், சிறிய எண் வந்ததும் நிறுத்த வேண்டும். எழுதுவது சுலபம், பிழை வருவது அரிது. எண்கள் இறங்கிக்கொண்டே போனால் வேகமும் உண்டு. ஏறிக்கொண்டே போனாலோ எல்லாம் சமமாக இருந்தாலோ நிற்க இடமே கிடைக்காது: 1 லட்சம் எண்ணுக்குச் சுமார் 500 கோடிச் சுற்று. ஓரிரு நொடிக் கெடு உள்ள நிரலாக்கப் போட்டியில் இது தேறாது.

ஸ்டாக்கில், அதாவது மேலே மட்டும் வைத்து மேலிருந்தே எடுக்கும் அடுக்கில், ஒரே நடை போதும். புது எண்ணைவிடப் பெரியவை மேலே இருக்கும்வரை பாப் செய்து (எடுத்து), புது எண்ணை புஷ் செய்து (வைத்து), ஸ்டாக்கின் உயரத்தை விடையோடு கூட்ட வேண்டும். செட்டிநாட்டு வீட்டு அடுக்கில் பெரிய பாத்திரம் அடியில் இருக்கும். இங்கே சிறிய எண் அடியில். உயரத்தை ஏன் கூட்டுகிறோம்? உள்ளே மிஞ்சிய ஒவ்வொரு எண்ணும் இன்றுவரை அறுபடாத ஒரு தொடக்கம். நம் ஐந்து நாளுக்கு உயரங்கள் 1, 1, 2, 2, 3, கூட்டினால் 9. ஒவ்வொரு எண்ணும் ஒரு முறை ஏறி, அதிகபட்சம் ஒரு முறை இறங்குவதால் 1 லட்சத்துக்கு 2 லட்சம் வேலைக்கு மேல் போகாது. லூப்புக்குள் லூப் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

சறுக்கும் இடம் இரண்டு. சமமான எண்ணையும் பாப் செய்துவிட்டால் 2, 2 என்பதற்கு 3 வர வேண்டிய இடத்தில் 2 வரும். ஏறுவரிசையில் 1 லட்சம் எண்ணுக்கு விடை 500,00,50,000. 32 பிட் இன்ட் (முழு எண் வகை) தாங்குவது 214,74,83,647 வரைதான். கூட்டுத்தொகைக்கு 64 பிட் வேண்டும்.

ஸ்பார்ஸ் டேபிளும் (இடைவெளிகளின் குறைந்தபட்சத்தை முன்பே கணக்கிட்டு வைக்கும் அட்டவணை) பைனரி சர்ச்சும் (பாதிபாதியாகக் குறைத்துத் தேடுவது) சேர்த்தும் இதைப் போடலாம். 17 அடுக்கு அட்டவணை, ஏறக்குறைய 17 லட்சம் கட்டம். இந்த ஒரு கேள்விக்கு அது வீண்செலவு. எந்த நாள் முதல் எந்த நாள் வரை குறைந்தபட்சம் என்ன என்று பலமுறை கேட்பார்கள் என்றால் மட்டும் கட்டுங்கள்.

இரட்டை லூப்பை அழித்துவிட வேண்டாம். எட்டு எண் கொண்ட ரேண்டம் அரேக்களை, 1 முதல் 3 வரையான எண்களை மட்டும் வைத்து, இரண்டிலும் ஓட்டுங்கள். சமமான எண்ணில் விட்ட பிழை உடனே மாட்டும்.