நாட்டு விதையா, ஹைப்ரிட் பாக்கெட்டா?

மாடித்தோட்டத்தில் இரண்டையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஹைப்ரிட் தக்காளி, அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியது, சீராக, கொத்துக் கொத்தாகக் காய்த்தது. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பழத்தின் விதையை எடுத்துப் போட்டால் செடிக்குச் செடி மாறுகிறது. அடுத்த ஆடிக்கும் கடைக்குத்தான் போக வேண்டும்.

நாட்டுக் கத்தரி அப்படியில்லை. ஒரு காயைப் பறிக்காமல் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்க விட்டு, விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி வைத்தால் போதும். வெண்டைக்கு மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். தேனீ வந்து பக்கத்து ரகத்தோடு கலந்துவிடும். மலர்வதற்கு முந்தின மாலையே மொட்டைத் துணிப்பையால் மூடிவிடுங்கள்.

சரி, இப்படி விதை எடுத்து வைப்பதைச் சட்டம் தடுக்காதா? 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், 39-வது பிரிவு: பதிவான ரகத்தின் விதையைக்கூட உழவர் சேமிக்கலாம், விதைக்கலாம், பகிரலாம், விற்கலாம். பிராண்டு பெயரிட்டு விற்கத்தான் கூடாது. அப்படியிருந்தும், தான் பதிவு செய்த ரகத்தைப் பயிரிட்டதாகச் சொல்லி 2019-இல் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள்மீது பெப்சிகோ நிறுவனம் வழக்குப் போட்டது. எதிர்ப்பு வலுத்த பிறகே திரும்பப் பெற்றது. அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால் என் மாடியில் நாட்டு விதைக்கே முதலிடம், ஹைப்ரிட் ஒரு தொட்டியோடு சரி.